தோலைத் துப்பிவிட்டு மாத்திரையைத் தேடுகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையில் நினைவாற்றல் தளராதிருக்க புளூபெர்ரி பழம் உதவக்கூடும் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை, 79 வயதான என் மாமியாருக்கு நான் உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் அந்தப் பழத்தின் விலையைத்தான் விசாரித்தார். சொன்னவுடன் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் வாசகர்கள் பலரும் அவ்வாறே அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புளூபெர்ரிக்குக் கருநீலம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி வகை. நாவற்பழம் தின்றவர் நாக்கில் ஊதாவாகப் படிவதும் அதே வகை நிறமிதான். நம் நகரத்தின் பெயரையே தாங்கிப் புவிசார் குறியீடும் பெற்ற பெங்களூர் நீலத் திராட்சையிலும் அது நிறைந்திருக்கிறது. சிக்கபள்ளாப்பூர், தேவனஹள்ளிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து, அல்சூர்க் கடைத்தெருவில் கறுப்புத் திராட்சை என்ற பெயரில் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் அப்பழத்தை நாம் உண்ணும் முறையில்தான் பிழை இருக்கிறது. விரலால் அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போய்விடும். புளிப்பும் துவர்ப்புமான தோலைத் துப்பிவிடுகிறோம். அந்தத் திராட்சையின் சதைக்கு ஏறத்தாழ நிறமே கிடையாது. நிறம் முழுவதும் நாம் துப்பிய தோலில்தான் இருந்தது.

மாமியாருக்குப் பற்கள் இல்லாததால், நானும் பல ஆண்டுகளாகத் திராட்சையை அரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துச் சாறாகவே கொடுத்து வந்தேன். அன்போடு செய்த அக்காரியம் அவருடைய நீரிழிவுக்கு எவ்வளவு பகையானது என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. சுமார் 1,87,000 அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாக உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகக் குடித்தவர்களிடம் அது கூடுதலாகவும் காணப்பட்டது. இதற்கு ஒரு காரணம் எளிதில் விளங்கக்கூடியது: வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆந்தோசயனின் உண்ட வடிவிலேயே இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். பெரும்பகுதி பெருங்குடல் வரை சென்று, அங்கு வாழும் நுண்ணுயிரிகளால் சிறு சிறு சேர்மங்களாக உடைக்கப்பட்ட பிறகே உடலுக்குள் செல்கிறது. அந்த நுண்ணுயிரிகளுக்கு உணவாவது பழத்தின் நார். நாரை எறிந்துவிட்டு நிறமியை மட்டும் உள்ளே அனுப்பினால், பாதி வேலைதான் நடக்கும் என்பது என் கருத்து. இவ்வாறு உண்டாகும் சேர்மங்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவரை இளக்கமாக வைத்திருக்க உதவுகின்றன என்று சிறிய அளவிலான சோதனைகள் காட்டியுள்ளன. வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைத்துப்போகும் முதியோருக்கு இது முக்கியமான செய்தி.

நினைவாற்றலைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 70 வயதைக் கடந்த 16,010 அமெரிக்கச் செவிலியரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் அதிகம் உண்டவர்களுக்கு நினைவுத் தளர்ச்சி இரண்டரை ஆண்டு வரை தாமதமாக வந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆயினும் அது உண்பவரைக் கவனித்து எழுதிய ஆய்வே தவிர, பழத்தைக் கொடுத்துச் சோதித்தது அன்று. அத்தகைய பழங்களை வாங்கி உண்பவர் நடைப்பயிற்சியும் மருத்துவக் கவனிப்பும் உள்ளவராக இருக்கலாம். மறதி நோயைப் பழம் குணப்படுத்தும் என்று எவரும் முதியவர்களுக்கு ஆசை காட்டக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது மாத்திரை வியாபாரம். எங்கள் பகுதிக் கடையொன்றில் பழ நிறமியின் சாரம் என்று கூறி, ஒரு மாதத்துக்கான குப்பியை மாமியாரிடம் விற்றுவிட்டார்கள். அவர் மருந்துச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. பழத்திலிருக்கும் நிறமியைப் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை வரும் என்ற நம்பிக்கை முன்பே ஒரு முறை பொய்த்திருக்கிறது. பப்பாளிக்கும் மாம்பழத்துக்கும் மஞ்சள் தரும் பீட்டா கரோட்டினை, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் நாள்தோறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, அம்மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 விழுக்காடு கூடியிருந்தது. பழமாக உண்ணும்போது இத்தகைய தீங்கு காணப்பட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் கறுப்புத் திராட்சையை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்து அலசி, கொட்டையை நீக்கி, தோலோடு மிக்சியில் அரைத்து, வடிகட்டாமல், சர்க்கரையின்றி ஒரு சிறு கிண்ணம் கொடுக்கிறேன். காய்ச்சுவதில்லை, சூடு அந்த நிறமியைச் சிதைத்துவிடும். சிவந்த பப்பாளியின் நிறமிகளோ கொழுப்பில் கரைபவை என்பதால், அதை வெறும் வயிற்றில் கொடுக்காமல் உணவுக்குப் பிறகு கொடுக்கிறேன். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் கருதிப் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும் என்பதால், நாள்தோறும் மாத்திரை உண்பவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் பிறந்தால் நாவற்பழம் சந்தைக்கு வந்துவிடும். அதற்கு முன், நம் ஊரில் கிடைக்கும் கருநிறப் பழங்களைப் பல் இல்லாதவரும் நீரிழிவு உள்ளவரும் எந்த அளவில், எம்முறையில் உண்ணலாம் என்பதை ஓர் உணவியல் வல்லுநரைக் கொண்டு எழுதச் செய்து, முதியோர் கண்ணாடியின்றிப் படிக்கும்படி பெரிய எழுத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.