அந்தப் பம்பும் சட்டப்படி மருந்துதான்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இருபது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். போன மாதம் ஒரு பையன், கடையில் கூட்டம் குறையும்வரை எதிரே நின்றிருந்துவிட்டு வந்து, ரத்தக்கட்டுக்குக் களிம்பு கேட்டான். எங்கே என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த மாதம் கல்யாணமாம். ஆணுறுப்பு நிரந்தரமாகப் பெரிதாகும் என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பி ஒரு பம்ப் வாங்கியிருக்கிறான்.

அந்தக் கருவிக்கு உண்மையான வேலை ஒன்று உண்டு. விறைப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்களே அதைப் பரிந்துரைப்பார்கள். குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சினால் உறுப்புக்குள் ரத்தம் ஏறும். அடியில் மாட்டும் வளையம் அதைக் கொஞ்ச நேரம் தக்கவைக்கும். வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழற்றியதும் உறுப்பு பழைய அளவுக்குத்தான் திரும்பும். இதில் ஒரு வரிகூட அந்த விளம்பரத்தில் இல்லை.

2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்தது. விறைத்த நிலையில் சராசரி சுமார் 13 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். இதைச் சொன்னதும் அவன் "நிஜமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். எந்தக் குறையும் இல்லாத பிள்ளையைக் குறையுள்ளவன் என்று நம்பவைத்திருக்கிறார்களே, எனக்கு ஆறவேயில்லை.

கருவி என்பதால் இது மருந்து விளம்பரச் சட்டத்துக்குள் வராது என்று பலர் நினைக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தைப் பாருங்கள். உடலின் அமைப்பையோ உறுப்பின் செயலையோ மாற்றுவதற்கென்று விற்கும், உணவல்லாத எந்தப் பொருளும் அதில் மருந்துதான். பாலின்பத் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை அதன் 3-ஆம் பிரிவு தடுக்கிறது.

புகார் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வராது. "பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று அவர்கள் துணிந்து போடுவதே, இதைத் திருப்பிக் கேட்க எவனுக்கும் கூச்சம் விடாது என்று தெரிந்துதான். இன்னொன்று, விறைப்புக் கோளாறு சிலருக்குச் சர்க்கரை நோயின், இதய நோயின் முதல் அறிகுறி. பம்பை நம்பி அவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

பையனைச் சிறுநீரகவியல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். பெயர்கூடச் சொல்லவில்லை. ஆனால் பம்பையும் அட்டைப்பெட்டியையும் கடையிலேயே வைத்துவிட்டுப் போனான். புகாரை என் பெயரில் எழுதித் தருகிறேன். எப்போது கொண்டுவரட்டும்?

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்