குளிர்ந்த இன்ஜினை ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?

கோவில்பட்டி
24.03.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: காலை ஸ்டார்ட்டிங் கோளாறு, இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) – ஐந்து முறை வந்தும் கண்டுபிடிக்காமல் தேவையில்லாத பாகங்களை மாற்றியது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சனிக்கிழமை மாலை உங்கள் நிறுவனத்திலிருந்து என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டதாம். யார் தீர்த்தார்கள்? என்றைக்குத் தீர்த்தார்கள்? உங்கள் இலவச எண்ணுக்கு ஆறு தடவை பேசியிருக்கிறேன். ஆறு தடவையும் வண்டி நம்பர், மாடல், கிலோமீட்டர் என்று முதலிலிருந்து ஒப்பித்தேன். "24 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் சார்" என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகுதான், இனி போனில் பேசிப் பயனில்லை, எழுத்தில் கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

என் வண்டி உங்களுடைய 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஒரு ஆயில் சர்வீஸ்கூட வெளியில் விட்டதில்லை. எல்லாம் உங்கள் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில்தான்.

கோளாறு இதுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செல்ஃப் நீளமாக அடிக்கும். பிடித்த உடனே வண்டி மொத்தமும் உதறும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், சைலன்சரில் பொட்டுப் பொட்டென்று சத்தம் வரும், செக் இன்ஜின் விளக்கு மினுக்கும். ஐந்தாறு நிமிடம் ஓடி சூடேறியதும் எல்லாம் அடங்கிவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. "சூடானால் சரியாகிவிடுகிறது, குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான்" என்று நான் சொல்லாத ஆள் உங்கள் சர்வீஸ் சென்டரில் இல்லை. கேட்டில் நின்று நம்பர் எழுதுகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து சேரும்போது இன்ஜின் கொதிக்கக் கொதிக்க இருக்கும். உங்கள் ஆட்கள் அப்போதே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லாத்தானே ஓடுது சார்" என்பார்கள். குளிர்ந்தால் மட்டும் வரும் கோளாறைச் சூடான இன்ஜினில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதை உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? இன்ஜினைச் செய்தவர்கள் நீங்கள்.

அதனால்தான் பிப்ரவரி 17 அன்று மாலை வண்டியை அங்கேயே விட்டேன். இரவு முழுக்க ஆறட்டும், காலை எட்டு மணிக்கு நானும் வருகிறேன், என் முன்னால் ஸ்டார்ட் செய்து ஸ்கேனர் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். ஜாப் கார்டிலும் எழுத வைத்தேன்: "கோல்டு ஸ்டார்ட் செக், கஸ்டமர் வரும் வரை வண்டியை எடுக்கக் கூடாது." உங்கள் சர்வீஸ் அட்வைசரின் கையெழுத்தோடு அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பஸ் பிடித்து ஊர் திரும்பினேன். மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பி மறுபடியும் பஸ். அன்று அம்மாவுக்குத் திருநெல்வேலியில் கண் பரிசோதனை இருந்ததால் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முட்டி வலிக்காரர்.

ஏழே முக்காலுக்கு உள்ளே போகிறேன். என் வண்டி வாட்டர் வாஷில் நிற்கிறது. பையன் நுரை போட்டுக்கொண்டிருக்கிறான். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. "ஏழு மணிக்கே எடுத்து வாஷுக்கு விட்டாச்சு சார், கம்ப்ளிமெண்டரி" என்றார்கள். வாஷை யார் கேட்டது? பதினாலு மணி நேரம் ஆற வைத்த இன்ஜினைத் தண்ணீர் அடிப்பதற்காக ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அப்போது உதறியதா என்றால், ஓட்டிய பையனுக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்கப் போனபோதுதான் உங்கள் சர்வீஸ் மேனேஜர் அந்த வார்த்தையைச் சொன்னார். நாலைந்து வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அங்கேதான் இருந்தார். "சார், பன்னிரண்டு வருஷ வண்டி. வயசான பாட்டிக்குக் காலையில எந்திரிச்சா முட்டி வலிக்கத்தான் செய்யும். அதுக்காக மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவீங்களா?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கயத்தாறு தாண்டும் வரை அம்மா வாய் திறக்கவில்லை. அப்புறம், "வேற வண்டி பாத்துக்கிடலாம்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். ஐயா, பணத்தைக்கூட மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன்.

வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றுதான் நினைத்தேன், கோபத்தில் முன்பின்னாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தது டிசம்பர் 2. நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றி, திராட்டில் பாடி கிளீனிங் செய்து 4,860 ரூபாய். மூன்றாம் நாளே உதறல் திரும்பிவிட்டது. டிசம்பர் 19 அன்று இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) புதிது, இன்ஜெக்டர் கிளீனிங், 6,420 ரூபாய். பலனில்லை. பொங்கல் கழிந்து ஜனவரி 20 அன்று பெட்ரோல் பம்ப் 'வீக்' என்று பம்ப் அசெம்பிளி மொத்தமும் மாற்றினார்கள், 11,750 ரூபாய். மொத்தம் 23,030 ரூபாய். பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மார்ச் 3 அன்று, இனி இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றினால்தான் ஆகும் என்று 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன் திரும்ப வரவில்லை.

நடுவில் ஒருநாள் இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம், அரசாங்கத்தைப் போய்க் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் பெட்ரோல்தான் காரணமென்றால் நாலு சிலிண்டருக்கும் அதே பெட்ரோல்தானே போகிறது? இரண்டாவது மட்டும் ஏன் மிஸ்ஸிங் ஆகிறது? பெட்ரோல் காரணமென்றால் பம்பை எதற்கு மாற்றினீர்கள்? மாற்றுவதற்கு முன் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தீர்களா? எத்தனை பார் காட்டியது? பில்லில் இல்லை, ஜாப் கார்டில் இல்லை, கேட்டாலும் பதில் இல்லை.

கடைசியில் எங்கள் ஊரில் ஒரு பட்டறை. ஷெட் போட்ட இடம், லிஃப்ட்கூடக் கிடையாது. அந்த அண்ணாச்சி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "ராத்திரி விட்டுட்டுப் போங்க. காலைல நீங்க வந்தப்புறந்தான் சாவியத் தொடுவேன்" என்றார். சொன்னபடியே செய்தார். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தார், வண்டி உதறியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில், எரியக்கூடிய கார்புரேட்டர் கிளீனரைச் சின்னதாக ஒரு பீச்சு. இரண்டாம் சிலிண்டர் பக்கம் அடித்தபோது மட்டும் உதறல் நின்று ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறியது. ஸ்ப்ரேயை நிறுத்தினால் மறுபடி உதறல். மூன்று தடவை செய்து காட்டினார். பத்து நிமிடம் கழித்து இன்ஜின் சூடான பிறகு அதே இடத்தில் அடித்தார், ஒரு மாற்றமும் இல்லை.

அந்த இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட் வெந்து இறுகிப் போய்விட்டதாம். குளிர்ந்திருக்கும்போது சுருங்கி இடைவெளி விடுகிறது. அந்த வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போய், அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கலவையில் பெட்ரோல் குறைந்து மிஸ்ஸிங் அடிக்கிறது. சூடேறியதும் விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. இவ்வளவுதான் விஷயம். கேஸ்கெட் விலை 640 ரூபாய், அதுவும் உங்கள் கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் வாங்கியதுதான். கூலி 1,200. ஆக 1,840 ரூபாயில் வேலை முடிந்தது. இன்றோடு பதினொரு நாள், ஒரு காலையிலும் உதறவில்லை.

என் வயிறு எரிவது இதற்குத்தான்: முதல் நாள் உங்கள் ஆட்கள் கொடுத்த ஸ்கேன் தாளை அண்ணாச்சியிடம் காட்டினேன். அதில் பி 0302 என்ற கோளாறு எண் இருக்கிறது, இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர். கூடவே பி 0171, கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது காற்று அதிகம். கோளாறு பதிவான நேரத்தில் கூலண்ட் வெப்பம் 31 டிகிரி, இன்ஜின் வேகம் 780 ஆர்பிஎம் என்றும் அதே தாளில் அச்சாகியிருக்கிறது. குளிர்ந்த இன்ஜின், ஐடிலிங், காற்றுக் கசிவு என்று உங்கள் மிஷினே டிசம்பர் 2 அன்று சொல்லியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. காயிலை மாற்றுவதற்கு முன் இரண்டாவதைக் கழற்றி மூன்றாவதில் போட்டுப் பார்த்திருக்கலாமே? காயில் கெட்டிருந்தால் கோளாறு எண் பி 0303 (மூன்றாம் சிலிண்டர்) என்று மாறியிருக்கும், மாறாவிட்டால் காயில் நல்லது. செலவு ஒரு பைசா இல்லை என்று அண்ணாச்சி சொல்கிறார். இது தெரியாதவர்களா உங்கள் எஞ்சினியர்கள்? தெரியும். கழற்றிய பழைய காயிலையும் பம்பையும் கேட்டபோது "ஸ்கிராப்புக்குப் போயாச்சு" என்றார்கள். அவை இரண்டும் நல்லவை என்றுதான் நான் நம்புகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் மிஸ்ஸிங்கோடு ஓடியதில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போயிருக்கும். அது போய்விட்டால் செலவு பெரிது. நான் மண்டவெல்லம் மொத்த வியாபாரம் செய்கிறவன். கார்த்திகை, மார்கழி, தை எங்களுக்கு எப்படிப்பட்ட மாதங்கள் என்று கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மாதங்களில் உங்களுக்காக அலைந்த நாட்கள், கைவிட்டுப் போன ஆர்டர்கள், டோல்கேட், பெட்ரோல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது. பன்னிரண்டு வருட நம்பிக்கைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. என் மைத்துனருக்கும் உங்கள் வண்டியைத்தான் வாங்கச் சொன்னேன். ஆகவே பணிவோடு கேட்கிறேன். தேவையில்லாமல் செய்த வேலைகளுக்கு வாங்கிய 23,030 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை இலவசமாகச் சோதித்து, கெட்டிருந்தால் உங்கள் செலவில் மாற்றுங்கள். அந்த மேனேஜர் என் அம்மாவுக்கு எழுத்தில் மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், போனில் சொல்வது போதாது.

பதினைந்து நாள் பொறுப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அப்போது கேட்கும் தொகை 23,030 ஆக இருக்காது. தயவுசெய்து அதுவரை போக விடாதீர்கள்.

ஸ்கேன் தாள், ஐந்து ஜாப் கார்டுகள், மூன்று பில்கள், இசிஎம் எஸ்டிமேட், பட்டறை ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பழைய கேஸ்கெட்டை அனுப்பவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் எஞ்சினியர் யாராவது பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக்கு வரட்டும், காட்டுகிறேன்.

இப்படிக்கு,
12 ஆண்டுகளாக உங்கள் வாடிக்கையாளர்