குளிரில் விதை போட எந்த டப்பா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தணிந்து மறுபடியும் தோட்ட வேலைக்குத் தயாராகிவிட்டாய் என்பதுதான் அதிலிருந்த பெரிய செய்தி. இந்த வேலைக்குக் குனியவே வேண்டாம், மேசையில் வைத்தே முழுவதையும் முடிக்கலாம்.

உறைபனிக் காலத்தில் வெளியே வைத்து விதை முளைக்க வைக்க எந்த டப்பா சரி என்று கேட்டு, வீட்டில் சேர்த்து வைத்திருப்பதையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறாய்: கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பால் கேன், 2 லிட்டர் குளிர்பான பாட்டில், முட்டை அட்டை, தயிர் கப், சின்ன மண் தொட்டி, செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குப்பி, மூடி போட்ட கேக் டப்பா. இதில் பாதியை இப்போதே ஒதுக்கிவிடு. எதை, ஏன் என்று சொல்கிறேன்.

இந்த முறையில் டப்பாவும் மூடியும் சேர்ந்து ஒரு குட்டிப் பசுமைக்குடிலாக வேலை செய்கின்றன. மழையும் பனியும் மேலிருந்து கொஞ்சம் இறங்க வேண்டும். மிஞ்சியது கீழே வடிய வேண்டும். வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பகல் சூடு வெளியே போக வேண்டும். இவ்வளவும் மூன்று நான்கு மாதம் உன் கை அதிகம் படாமலே நடக்க வேண்டும். அழகான டப்பா, அழகில்லாத டப்பா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

முதலில் ஆழத்தைப் பார். மண் கலவை 10 செ.மீ. நிற்க வேண்டும், 7 செ.மீட்டருக்குக் கீழே போகவே கூடாது. காரணம் இதுதான்: எந்தத் தொட்டியாக இருந்தாலும் நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் கலவை முழு ஈரத்திலேயே நிற்கும். நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, ஓட்டையைப் பெரிதாக்கினாலும் அது போகாது. முட்டை அட்டையின் குழி 3 செ.மீ. ஆழம்தான், அதாவது மொத்தமும் அந்தச் சகதிப் பகுதிக்குள் அடங்கிவிடும். மழை நாளில் வேர் மூச்சு முட்டும், வெயில் வந்தால் ஒரே நாளில் காய்ந்து போகும். முட்டை ஓட்டுக்குள் விதை போடுகிற படங்கள் பார்க்க நன்றாக இருக்கும், அதோடு சரி. இதே காரணத்தால் அடியில் ஜல்லி போடாதே. ஈரம் தங்குகிற மட்டம் ஜல்லிக்கு மேலே ஏறிவிடும், நல்ல கலவையின் ஆழம்தான் குறையும்.

மண்ணுக்கு மேலே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் நாற்று மூடியில் தலை முட்டி வளைந்துவிடும். கேக் டப்பா இங்கேதான் தோற்கும். மூடி உயரமாக இருந்தாலும் அடித்தட்டு 3 செ.மீட்டர்தான்.

அடுத்தது, என்ன பிளாஸ்டிக் என்பது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அதிக அடர்த்தி பாலிஎத்திலீன். கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும், நொறுங்காது. பால் கேன் பெரும்பாலும் இதுதான், அதனால்தான் இந்த வேலைக்கு அதற்கு முதல் மரியாதை. 1 என்பது குளிர்பான பாட்டில். தெளிவானது, உறுதியானது, அதுவும் சரி. 5 என்பது பாலிபுரொப்பிலீன், பல தயிர் டப்பாக்கள் இந்த வகை. வெப்பநிலை சுழியத்தை நெருங்கும்போதே இது விறைத்து உடையத் தொடங்கும், உறைந்திருக்கும்போது கை தவறினால் கீறல் விழும். ஒரு பருவத்துக்குத் தாங்கும், தூக்கும்போது மட்டும் நிதானம். 6 என்றால் விட்டுவிடு, துளை போடும்போதே விரிசல் ஓடும். 3 என்று போட்டிருந்தால் துளை போடச் சூடான கம்பி வைக்கவே வைக்காதே, அந்தப் புகையில் அமில வாயு வரும்.

மண் தொட்டியையும் கண்ணாடிக் குவளையையும் மறந்துவிடு. நீர் உறையும்போது பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. மண் தொட்டியின் சுவரே நீரை உறிஞ்சி வைத்திருப்பதால் அது உள்ளிருந்தே பிளக்கும். செய்தித்தாள் குப்பிக்கு வேறு கோளாறு: சுவர் வழியே ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நான்கு மாதத்தில் அடி கழன்று கையோடு வரும். வீட்டுக்குள் வேகமாக வேலை முடிகிற நாற்றுக்கு அது சரி, வெளியே குளிர்காலம் முழுவதும் நிற்க வேண்டியதற்குச் சரிப்படாது.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய சோதனை: டப்பாவுக்குள் கையை விட்டு வெளியிலிருந்து பார். விரல்களின் நிழல் தெரிந்தால் போதும். பால் கேனின் மங்கலான வெண்மை உண்மையில் நல்லது. வெயிலைச் சிதறடித்து எல்லாப் பக்கமும் பரப்பும், சூடும் அவ்வளவு ஏறாது. தெளிவான பாட்டில் வசந்தத்தின் ஆரம்பத்தில் சீக்கிரம் சூடேறும், மண் தெரிகிற பக்கவாட்டில் பச்சைப் பாசியும் படியும். பாசியால் பெரிய கெடுதல் இல்லை. உறுத்தினால் மண் மட்டம் வரை வெள்ளைத் தாள் சுற்று. கறுப்பு வேண்டாம், அது சூட்டை இழுக்கும்.

இப்போது துளை. தவறு நடப்பதில் பெரும்பகுதி இங்கேதான். பால் கேனை முதலில் சோப்பு நீரில் நன்றாகக் கழுவு, பால் வாடை எலியையும் பூஞ்சையையும் கூப்பிடும். பிறகு அடியிலிருந்து 10, 11 செ.மீ. உயரத்தில் சுற்றி வெட்டு. கைப்பிடிக்கு நேர் கீழே 3 செ.மீ. மட்டும் விட்டுவிடு, அதுவே கீல். அடியில் 6 மி.மீ. அளவில் ஐந்தாறு துளை போடு. கேனின் அடிநடு பெரும்பாலும் உள்வாங்கி இருக்கும், நீர் மூலைகளில்தான் தேங்கும். ஆகவே துளை மூலைகளில் வர வேண்டும். குளிர்பான பாட்டிலின் அடியில் ஐந்து கால்கள் போலப் புடைப்பு இருக்குமே, ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு துளை வேண்டும். நடுவில் ஒன்று போட்டுவிட்டு வடியும் என்று நம்பினால் ஐந்து கிண்ணத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். இவை போக, பக்கச் சுவரில் அடியிலிருந்து 1 செ.மீ. மேலே நான்கு துளை. கீழ்த்துளை அடைத்துக்கொண்டாலோ பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டாலோ இவை காப்பாற்றும்.

சால்டரிங் அயர்ன் வைத்துச் செய்வது சுலபம், ஆனால் திறந்த வெளியில் செய். உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குத்து. உருகிய பிசிறு வெளியே நிற்கும். வெளியிலிருந்து குத்தினால் உள்ளே ஒரு வரப்பு உருவாகி, அந்த உயரத்துக்கு நீர் தங்கும். கத்தியால் வெறும் கீறல் போடாதே, குளிரில் அது மூடிக்கொள்ளும். துளை பெரிதாகிவிட்டால் மேலே ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் போதும்.

கேனின் வாய் மூடியைத் தூக்கிப் போடு, அந்த வாய்தான் காற்றுவழி. வேறு டப்பா என்றால் மூடியில் முதலில் 1 செ.மீ. துளை நான்கைந்து போடு. வெயில் ஏற ஏறத் துளைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். சின்னதை எப்போதும் பெரிதாக்கலாம், பெரிதைச் சின்னதாக்க முடியாது.

எந்த விதைக்கு எது? மில்க்வீட், எக்கினேசியா, லாவெண்டர், டெல்பினியம் மாதிரியான பூச்செடி விதைகள் குளிரும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் நன்றாக முளைக்கும். பலவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் போதும், சிலவற்றுக்கு மூன்று மாதம்கூட ஆகும். உலர்ந்த விதையை உறைய வைப்பதால் இந்த வேலை நடக்காது, விதை நீர் குடித்திருக்க வேண்டும். இவை நீண்ட நாள் நிற்பதால் பால் கேன்தான் சரி. 15 செ.மீ. சதுர அடி, 10 செ.மீ. ஆழம் என்றால் கலவை 2¼ லிட்டர் பிடிக்கும். குளிர்பான பாட்டிலில் அதே ஆழத்துக்கு 1 லிட்டர்கூட வராது, அதனால் சீக்கிரம் காயும். பாட்டிலைக் குளிர் முடியும் தறுவாயில் போடுகிற லெட்டூஸ், கேல், முட்டைகோஸுக்கு வைத்துக்கொள். தக்காளி, கத்தரிக்கு அவசரமே வேண்டாம், கடைசி உறைபனிக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் போதும். லூபின், பாப்பி என்ற பூச்செடிகள் ஆணிவேரை நேராக இறக்கும், பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். அவற்றை ஆழமான டப்பாவில் அள்ளித் தெளிக்காமல் தள்ளித் தள்ளிப் போடு, சின்னதாக இருக்கும்போதே மண்கட்டியோடு எடுத்து நட்டுவிடு.

தோட்ட மண்ணை அள்ளிப் போடாதே. உறைந்து உருகி உறைந்து உருகி செங்கல்லாக இறுகும். தொட்டிக் கலவையை முன்பே நனைத்து வை: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும், தாரையாக வழியக் கூடாது. காய்ந்த கலவையை நிரப்பிவிட்டு மேலே நீர் ஊற்றினால் நீர் ஓரத்தோடு ஓடிவிடும், நடுப்பகுதி உலர்ந்தே கிடக்கும். கேனுக்குப் பொடி விதை 25, பெரிய விதை 10 என்று நிறுத்திக்கொள். பாக்கெட் முழுவதையும் கொட்டுகிற ஆசைதான் பிற்பாடு நாற்றழுகலுக்கு வழி.

வெட்டிய விளிம்பை மூடும் டேப்பை வீட்டுக்குள் வைத்தே, பிளாஸ்டிக் உலர்ந்திருக்கும்போதே ஒட்டு. குளிரில் ஈரத்தின் மேல் ஒட்டாது. அடிக்கடி திறக்க வேண்டியதற்கு இரு பக்கமும் சிறு துளை போட்டு மெல்லிய கம்பி கட்டுவது எனக்கு டேப்பைவிடப் பிடிக்கும். பெயரைப் பென்சிலால் பிளாஸ்டிக் சீட்டில் எழுதி மண்ணுக்குள் செருகு. வெளிச்சுவரில் எழுதிய மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். பிறகு ஏழு கேனில் எது என்ன என்று இலை பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

வைக்கும் இடம் திறந்த வெளி. கூரைக்கு அடியில் வைத்தால் மழை படாது, கூரை விளிம்புக்குக் கீழே வைத்தால் தாரை விழுந்து விதை அடித்துப் போகும். சமதளமான சிமென்ட் தரை துளையை அடைக்கும், இரண்டு மரச்சட்டத்தின் மேல் தூக்கி வை. காற்றில் உருளாமல் இருக்க ஓட்டையுள்ள கிரேட்டில் நெருக்கி அடுக்கு. மேலே பனி குவிந்தால் தட்டிவிடாதே, கம்பளி மாதிரி அது காக்கும். உள்ளே பனிக்கட்டியானாலும் பதறாதே.

முளை தெரிந்த பிறகுதான் உண்மையான கவனம் வேண்டும். உள்சுவரில் காலையில் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் போதும். துளி இல்லை, தூக்கினால் லேசாக இருக்கிறது என்றால் 2 செ.மீ. நீர் உள்ள தட்டில் அரை மணி நேரம் உட்காரவைத்து எடுத்துவிடு, தட்டிலேயே விட்டுவிடாதே. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் கீலைத் திறந்து வை, மாலையில் மூடு. மூடியே கிடந்தால் வெளியே இதமாக இருக்கும்போதே உள்ளே வெந்துபோகும். குளிரில் செத்ததைவிட இந்தப் புழுக்கத்தில் செத்த நாற்றுகளே அதிகம். உண்மை இலை (முதலில் வரும் விதையிலைக்குப் பிறகு வருவது) இரண்டு ஜோடி வந்ததும், ஒரு வாரம் பகல் முழுவதும் திறந்து பழக்கி, மண்கட்டியைக் கத்தியால் சதுரமாக அறுத்து நடலாம். ஒவ்வொன்றாகப் பிரித்து வேரை அறுக்க வேண்டாம்.

உன் பட்டியலில் தயிர் கப் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. தனியாக நின்றால் காய்ந்துவிடும், ஆனால் அடியிலும் மூடியிலும் துளையிட்ட பெரிய ஒளிபுகும் பெட்டிக்குள் எட்டுப் பத்தை நிறுத்தினால் நன்றாகவே வேலை செய்யும். உன்னிடம் அப்படிப் பெட்டி இருக்கிறதா, உள் உயரம் எத்தனை என்று அளந்து எழுது. லூபின் விதை எத்தனை கையில் இருக்கிறது என்பதையும் சொல், கேன் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்