நான்கு அலமாரிகளில் கிடக்கும் ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்ட வரைவை முழுவதும் படித்தேன். அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மருத்துவரைப் பார்க்கப் போகும் தமிழ்த் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளே மொழிபெயர்த்துச் சொல்லும்போது என்ன நேர்கிறது, அந்தக் குடும்பங்களுக்குப் பொது நூலகம் எந்த வகையில் உதவ முடியும் என்பது உன் கேள்வி. வரைவைப் பார்த்தவர்களில் ஒருவர் இது பொது நலவாழ்வு என்றும், இன்னொருவர் மொழிக்கல்வி என்றும், மற்றொருவர் புலம்பெயர்வு என்றும் சொல்லி, நூலகத்தை விட்டுவிட்டு ஏதேனும் ஒரு துறைக்குள் நின்றுகொள்ளும்படி அறிவுறுத்தியதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் உன் நன்மைக்காகவே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் உன் கேள்வியை வெட்டிச் சிறிதாக்காதே என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

நூலகப் பணியில் இருந்தவனுக்கு இது பழகிய சிக்கல். ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான் கொடுக்க முடியும். அது பேசும் பொருளோ பல இடங்களுக்கு உரியதாக இருக்கும். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் பல ஆண்டுகள் சிந்தித்தது இதைப் பற்றித்தான். நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கி 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையில் மருத்துவத்துக்கு எல், மொழியியலுக்கு பி, கல்விக்கு டி, சமூகவியலுக்கு ஒய், நூலகவியலுக்கு 2 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் அந்த முறையின் உயிர் அந்தக் குறியீடுகளில் இல்லை. எந்தப் பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து கோணங்களில் பிரித்துப் பார்த்து, பிரித்தவற்றை மறுபடி ஒன்றாகக் கோக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் வகுத்தாரே, அதில்தான் இருக்கிறது. உன் வரைவை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். எப்படிப் பிரித்தாலும், மருத்துவருக்கும் தாய்க்கும் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடமே வந்து நின்றேன். அந்தப் பிள்ளையை நான்கு துறைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டால், பங்கு வாங்கியவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொன்றைத் தெரிந்துகொள்வார்கள். பிள்ளைக்கு என்ன ஆனது என்பது ஒருவருக்கும் தெரியாது.

மருத்துவத் துறையில் இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருப்பது உனக்குத் தெரியும். அமெரிக்காவில் கிளென் புளோரஸும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வை நீயும் குறித்திருக்கிறாய். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவரைச் சந்தித்த 13 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்ப்பில் 396 பிழைகளை எண்ணி, அவற்றில் 63 விழுக்காடு நோயாளியின் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடியவை என்று கண்டார்கள். முகத்தில் மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடல் முழுவதும் தடவச் சொன்னது அவற்றில் ஒன்று. பயிற்சியில்லாமல் மொழிபெயர்த்தவர்களிடையே பதினொரு வயது உடன்பிறப்பு ஒன்றும் இருந்தது. மருத்துவ ஆய்வு எண்ண வேண்டியதை அங்கே எண்ணிவிட்டது. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல் தெரிந்திருந்தது, எது தெரியாமல் போனது, ஏன் என்று கேட்க நீ மொழிக்கல்விக்குப் போயாக வேண்டும்.

அங்கேதான் உன் நகரத்திலேயே பணியாற்றிய இருமொழிக் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் உனக்குத் துணை வருவார். விளையாட்டிலும் வீட்டிலும் பேசும் மொழி வேறு, பாடத்துக்கும் சிந்தனைக்கும் வேண்டிய மொழி வேறு என்று 1979-இல் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். பள்ளிக்கூடத்தைப் பற்றிய இந்தக் கருத்தை மருத்துவமனை வாசலில் வைத்துப் பார். அண்டை வீட்டாரோடு சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளையைப் பார்த்துத் தாயும் மருத்துவரும், இவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். இரத்தச் சர்க்கரையின் அளவையும் மருந்து வேளைகளையும் பக்க விளைவுகளையும் சொல்ல வேண்டிய மொழி அவனுக்கு ஆங்கிலத்திலும் இன்னும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கம்மின்ஸின் கருத்தை உன் ஆய்வின் தூணாக வை. பிள்ளையின் வயதை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அவன் அந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, தமிழில் எழுதப் படிக்கத் தெரியுமா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்.

அம்மா ஒன்றைச் சொல்லச் சொன்னாள். சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போன காலத்தில், காப்பித் தோட்ட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களில் இதே காட்சியை அவளும் கண்டிருக்கிறாள். பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து விரைவிலேயே தமிழ் பேசிவிடுவார்கள். தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தாய்க்குச் சொல்வதும், தாயின் மாதவிலக்குக் கணக்கைச் செவிலியரிடம் சொல்வதும் அந்தப் பிள்ளைகள் தலையில் விழும். மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்வாள் என்று அம்மா கேட்கிறாள். பிள்ளை தவறாகச் சொன்னதை ஒலிப்பதிவில் கேட்டு எண்ணிவிடலாம். பிள்ளை இருந்ததால் தாய் சொல்லாமலே விட்டதை எந்தப் பதிவிலும் எண்ண முடியாது. உன் ஆய்வில் இதற்கு ஓர் இடம் வேண்டும். தாயைத் தனியாகச் சந்தித்து, தமிழிலேயே பேசி, மருத்துவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தது ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும்.

அதோடு அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான். செவிலியர் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்கு வந்தால் அவர்களில் பலர் கேட்டதற்குத் தலையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மொழி ஒன்றாக இருந்தும் பேச்சு நடக்கவில்லை. ஆகவே ஸ்கார்பரோவில் நீ காணும் மௌனம் முழுவதையும் ஆங்கிலம் தெரியாமையின் கணக்கில் எழுதிவிடாதே. தமிழ் பேசும் மருத்துவரிடம் போகும் தாய்மார்களையும் ஒரு குழுவாகச் சேர்த்து ஒப்பிட்டால், மொழியால் வந்த தடை எவ்வளவு, படிப்பும் வசதியும் மருத்துவர் மேலுள்ள அச்சமும் சேர்ந்து உண்டாக்கிய தடை எவ்வளவு என்று ஓரளவேனும் பிரித்துக் காட்ட முடியும்.

புலம்பெயர்வைப் பற்றிய உன் பகுதிதான் எனக்கு மெலிந்து தெரிகிறது. தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடக்கியிருக்கிறாய். 1983 வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், பிள்ளைகள் அழைத்துப் பின்னால் வந்த முதியவர்கள், நம் ஊர்களிலிருந்து கணினி வேலைக்குப் போனவர்கள் ஆகியோரின் வாழ்க்கை ஒன்றல்ல. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய வரலாறு அந்த நாட்டுத் தமிழருக்கு மறக்கக்கூடியதா? போரைக் கண்ட ஒரு தாயிடம் மருத்துவர், தூக்கம் வருகிறதா என்று கேட்டால், அதற்குரிய மறுமொழி ஒரு பிள்ளையின் வாய்வழியாகப் போகக்கூடியதன்று. புதிதாகக் குடியேறுவோர் வரும்போது அந்நாட்டாரைவிட நலமாக இருப்பதும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நலம் தேய்வதும் கனடாவில் பல ஆய்வுகள் கண்ட செய்தி. வந்த ஆண்டையும் வந்த வழியையும் கேட்காமல் விட்டால் அந்தத் தேய்வு உன் கண்ணில் படாமலே போய்விடும்.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். அதே நூற்றாண்டில் சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தி, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, தொற்று இல்லை என்று கண்ட பின்பே படகேற்றினார்கள். புலம்பெயர்வும் உடல்நலமும் அன்றே ஒரே பதிவேட்டில்தான் எழுதப்பட்டன. ஆனால் அது தோட்டக்காரரின் தேவைக்காக எழுதப்பட்ட பதிவேடு. போனவர்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தங்கள் வாயால் என்ன சொன்னார்கள் என்பதை அதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. உன் ஆய்வேட்டில் அது கிடைக்க வேண்டும்.

நூலகத்தை விட்டுவிடச் சொன்னதுதான் என்னை வருத்தியது. டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன. தமிழ் நூல்கள் இருக்கின்றன. குடியேறியவர்களுக்கு வழிகாட்டும் பணியாளர்கள் சில கிளைகளில் அமர்ந்து உதவுகிறார்கள். அரசு நடத்தும் மொழி வகுப்புகள் 1992-இலிருந்து இருந்தாலும், குறித்த நேரத்துக்குப் போக முடியாத பாட்டிக்கும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் கட்டணமில்லாமல், அடையாள அட்டை கேட்காமல், எவரும் எழுந்து போகச் சொல்லாமல் உட்கார ஓர் இடம் நூலகம்தான். மருத்துவரிடம் போவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ளவும், வந்த பின் மருந்துச் சீட்டைப் பற்றி நம்பகமான செய்தியைத் தேடவும் நூலகர் உதவலாம். மருத்துவ அறிவுரை சொல்வது நூலகரின் வேலை அன்று. அதற்கும் இதற்கும் இடையிலான எல்லை எங்கே இருக்கிறது என்பதையே நீ ஒரு தனி இயலாக எழுதலாம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென முதலில் சட்டம் இயற்றியது 1948-இல் நம் சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து மக்களே இதைத் தாங்கி வருகிறார்கள். நோய்வாய்ப்பட்டவருக்கும் மொழி தெரியாதவருக்கும் பயன்படாவிட்டால் அந்த வரிக்கு என்ன பொருள் என்று பணிக்காலம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தேடும் முறையைப் பற்றியும் ஒன்று. ஒரே துறையின் தரவுத்தளத்தில் தேடிவிட்டு, இதைப் பற்றி ஆய்வு குறைவு என்று எழுதிவிடாதே. மருத்துவத் தரவுத்தளமான மெட்லைனில் இது தொடர்புத் தடை என்ற தலைப்பின்கீழ் இருக்கும். கல்விக்கான எரிக் தளத்தில் இருமொழிப் பிள்ளைகள் பக்கம் இருக்கும். உளவியலில் பிள்ளைகளின் மொழித் தரகு என்று இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் தலைப்புச் சொற்களைத் தனித்தனியே எழுதி, தேடிய நாளையும் கிடைத்த எண்ணிக்கையையும் குறித்து வை. உன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ நூலகரும் கல்வியியல் நூலகரும் தனித்தனியே இருந்தால் இருவரையும் ஒரே நாளில் பார்த்துப் பேசு.

கடைசியாக, ஆய்வுக்கு உட்படும் மக்களைப் பற்றி. நம் சேலம் மிகவும் ஆய்வு செய்யப்பட்ட மாவட்டம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் இங்கேதான் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இங்கு இருந்தார்கள். 2011-இல் அது 900-ஐத் தாண்டியது. இதற்கு நடுவே எத்தனையோ பேர் வந்து நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களின் மகள்கள் நூலகத்துக்கு வந்து எங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டபோது, தமிழில் எடுத்துக் கொடுக்க என் அலமாரியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதன் முடிவுகளைத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி, நீ பேட்டி எடுக்கும் குடும்பங்களுக்கும் அந்தப் பகுதிக் கிளை நூலகத்துக்கும் கொடுப்பதை இப்போதே திட்டத்தில் ஒரு கடமையாக எழுதி, அதற்குப் பணமும் ஒதுக்கிவிடு.

ஒப்புதல் படிவமும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பெற்றோர் கையெழுத்தோடு நிறுத்தாமல் ஏழு வயதைக் கடந்த பிள்ளையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. உன் நாட்டு நெறிமுறையில் உள்ளதைப் பார்த்து அதன்படி செய். பிள்ளைக்கான படிவத்தைத் தாயின் படிவத்திலிருந்து சுருக்கி எடுக்காமல் தனியாக எழுது. தமிழ் வடிவத்தை எங்களுக்கு அனுப்பினால் அம்மா செவிலியர் கண்ணோடு படித்துக் குறிப்பு எழுதுவாள். ஆனால் அவளுடைய தமிழ் சேலத்துத் தமிழ். ஆகையால் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த பெண்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே அச்சுக்குக் கொடு, கண்ணு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் எனக்கு அனுப்ப முடிந்தால், வரைவின் புலம்பெயர்வுப் பகுதியை மட்டும் மறுபடி எழுதி அனுப்பு. மற்றவை அப்படியே இருக்கலாம்.

அன்புடன்,
உன் அப்பா