மாசிக்காய் வேறு, ஓக் முண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓக் மரத்தின் புடைப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மாசிக்காயையும் அடிமரத்து முண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மாசிக்காய், சிறு குளவி முட்டையிட்ட மொட்டு வீங்கி உண்டாவது. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. ஆனால் அடிமரத்தின் கட்டையை அது மாற்றுவதில்லை.

முண்டு அப்படியல்ல. காயமோ பூஞ்சையோ தூண்ட, பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் ஏராளமாகப் பெருகியும் கிளையாகாமல் நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக்கொண்டு நார்கள் வளைகின்றன. சாதாரண ஓக்கில் வசந்தகாலத்தில் உண்டாகும் நாளங்கள், அதாவது நீர் செல்லும் குழாய்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும் வளையமாக வரிசைகட்டும். முண்டில் அந்த வரிசை கலைந்து, மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் அகன்ற கதிர்களும் நெளிந்துவிடும். இழைத்த பரப்பை லென்சில் பார்த்தால், ஊசிமுனை போன்ற கரும்புள்ளியைச் சுற்றி ரேகைகள் சுழல்வது தெரியும்.

"முண்டு அதிக உறுதியானது" என்று கட்டுரையில் வந்த வரிதான் ஆபத்தானது. கடினம் வேறு, பாரம் தாங்குவது வேறு. நேர்நார்ப் பலகை காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.3 சதவீதம்தான் சுருங்கும். வளையத்தின் போக்கில் பச்சை நிலையிலிருந்து முழுதாகக் காய்ந்தால் 8 சதவீதத்துக்கு மேல். முண்டில் இவ்விரு திசைகளும் விரலகலத்துக்குள் மாறிமாறி வருவதால், அவசரமாகக் காயவைத்தால் எல்லாப் பக்கமும் வெடிக்கும். வெட்டிய அன்றே வெட்டுமுகம் முழுவதும் மெழுகு பூசி, வெயிலும் காற்றும் நேராகப் படாத இடத்தில் வைக்க வேண்டும். கிண்ணம் கடைவதானால், முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு விட்டு, காய்ந்தபின் மறுபடி கடையுங்கள். நார்கள் வளைந்திருப்பதால், பாரம் தாங்க வேண்டிய நாற்காலிக் காலுக்கு முண்டு ஆகவே ஆகாது.

வேதியியலைக் கட்டுரை தொடவே இல்லை. மரத்தில் மாவுச்சத்தைச் சேமிப்பவை பாரன்கைமா எனும் உயிருள்ள செல்கள். உட்பகுதி முதிர்ந்து வைரம் பாயும்போது, அவை சாகுமுன் அந்தச் சேமிப்பிலிருந்தே டானின் போன்ற பொருள்கள் உருவாகின்றன. முண்டில் இந்தச் செல்கள் கூடுதலாக இருந்தால் இப்பொருள்களும் கூடும். ஒரே துண்டிலேயே இடத்துக்கு இடம் அளவு மாறும். அதனால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஈரத்தோடு இரும்பு பட்டால் டானின் நீலக்கறுப்பாகக் கறைபடும். பித்தளைத் திருகாணியே நல்லது. விழுந்த கறையை நீர்த்த ஆக்சாலிக் அமிலம் எடுக்கும், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். பட்டையை ஒட்டிய, வைரம் பாயாத வெளிறுப் பகுதியை நீக்கிவிடுவது நல்லது. அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் உளுவண்டு துளைக்கிறது.

இப்படிக்கு,
மரவேலைப் பயிற்றுநர்கள்