கல்விப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்: நம் ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் எட்டட்டும்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் நூலகத்துக்கு வந்து, ஒரு கட்டுரையின் தலைப்பை எழுதிய துண்டுத் தாளை என்னிடம் நீட்டினார். தேடியபோது கட்டுரைச் சுருக்கமும், அதன் கீழே பணம் செலுத்தச் சொல்லும் பொத்தானும் மட்டுமே திரையில் வந்தன. அந்த ஆய்விதழுக்கு நாம் சந்தா கட்டுவதில்லை. எழுதியவரோ எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கும் நம் பேராசிரியர். மாணவர் மாடியேறிப் போய் அவரிடமே ஒரு படி வாங்கிக்கொண்டார். அதே கட்டுரை தேவைப்படும் வெளியூர் மருத்துவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ ஏறிப் போக அந்த மாடிப்படி இல்லை என்பது அன்றிலிருந்து என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது: நம் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுதும் ஒவ்வோர் ஆய்விதழ்க் கட்டுரையும், அதே துறை வல்லுநர்கள் செய்யும் சக மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி ஏற்கப்பட்ட வடிவில், ஏற்பு கிடைத்தவுடனேயே எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய நம் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் சேர வேண்டும் என்று பேரவை விதி வகுக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க விடும் ‘திறந்த அணுக்கம்’ என்றதும் கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கும் இதழ்களே பலர் நினைவுக்கு வருகின்றன. அக்கட்டணத்துக்கு நிதி ஒதுக்கினால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசில்லாதவர் படிக்க முடியாத நிலை மாறி, காசில்லாதவர் வெளியிட முடியாத நிலை வந்துவிடும். திறந்த அணுக்கத்தை வலியுறுத்தி 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையே திறந்த இதழ்களோடு, கட்டுரையாளர் தம் படியைத் தாமே களஞ்சியத்தில் இடுவதையும் ஒரு வழியாக முன்வைத்தது. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்சைவ் என்னும் இணையக் களஞ்சியத்தில் இதைத்தான் செய்து வருகிறார்கள்.

விதி எதற்கு, வேண்டுகோள் போதாதா என்று கேட்கலாம். நம் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் நிறைந்திருக்க, ஆய்விதழ்க் கட்டுரைகள் மிக அரிதாகவே இருப்பது அதற்கு விடை. யாரும் மறுக்கவில்லை, வேலை நெருக்கடியில் தள்ளிப்போகிறது, பதிப்பகத்தின் ஒப்பந்தம் இடம் கொடுக்குமா என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த அச்சத்துக்கு நல்ல மருந்து 2008-இல் ஹார்வர்டின் கலை அறிவியல் புல ஆசிரியர்கள் தாமே வாக்களித்து ஏற்ற கொள்கை. கட்டுரைகளைப் பரப்பும் உரிமத்தை, அது பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உரியதாகிவிடாத வகையில், அவர்கள் முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கு வழங்கிவிடுகிறார்கள். பதிப்பகத்தோடு கையெழுத்திடுவது அதன் பிறகுதான். விலக்கு வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளையே பதவி உயர்வு மதிப்பீட்டில் கணக்கில் கொள்கிறது. அதையும் பேரவை பரிசீலிக்க வேண்டும்.

நூல்களுக்கும், காப்புரிமை விண்ணப்பம் நிலுவையில் உள்ள பணிகளுக்கும் இவ்விதி வேண்டாம். பதிப்பகம் சில மாதத் தடைக்காலம் கேட்டால், கட்டுரை விவரத்தை உடனே காட்டி, முழுப் படியைப் பிறகு திறக்கலாம்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமையாக வேண்டியதில்லை. ஏற்புக் கடிதத்தையும் இறுதிக் கோப்பையும் நூலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். உரிமம் சரிபார்ப்பது, விவரம் பதிவது, பதிவேற்றுவது எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்