ஒரு சாவியை யாரிடமாவது கொடுத்து வை

முருகேஷ்பாளையா, பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள பவிக்கு,

அப்பா எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பையன் வியாழக்கிழமை ஆம்ஸ்டர்டாம் கிளம்புகிறான். அம்மா பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கறுப்பு உளுந்து எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு நடுவில் இந்தக் கடிதம் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் என்னைத் திட்டாதே. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ "ம்" கொட்டுகிறாய், நான் குரலை உயர்த்துகிறேன், அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். நாலு வாரமாக அந்த "ம்"கூட இல்லை. அக்காவுக்கு வேலை அதிகம் என்று தம்பி சொன்னான். சரி.

நாய்களுக்கு நீ அனுப்பிய பார்சல் வந்தது. இரண்டு இழுவைப் பொம்மைகளில் ஒன்றை மிளகு அன்றைக்கே பிய்த்துவிட்டான். ஜாங்கிரி தன்னுடையதைத் துளசி மாடத்துக்குப் பின்னால் வைத்துக் காவல் காக்கிறாள். பார்சல் அட்டையை அம்மா மடித்து எடுத்து வைத்திருக்கிறாள். கதவு எண் வேறு, தெருவும் வேறு. அனுப்புநர் இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. முகவரி நோட்டில் திருத்திக்கொண்டேன்.

அந்த ஊர்க் கதவெல்லாம் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். குப்பை போடப் போனாலும் சாவியைக் கையில் எடுத்துக்கொள். இன்னொரு சாவியை நம்பகமான யாரிடமாவது கொடுத்து வை.

இன்று நாய்களுக்குப் போட்டி. சர்ஜாபுரா ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு பண்ணை. மார்ச்சிலேயே இந்த வெயில் என்பதால் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தரைக்குப் பிடித்த ஆட்டோக்காரர் இரண்டு நாய்களையும் பார்த்துவிட்டு, மீட்டருக்கு மேல் நூறு கேட்டார். வழியில், "நாயிகூ ஸ்கூலா சார்?" என்றார். நீ எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன்: 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று, குதிரைகள் தடை தாண்டுகிற மாதிரி நாய்களை ஓடவிட்டார்கள், அதுதான் அஜிலிட்டி என்று. "குதுரே ஆகித்ரே துட்டு பரோது சார்" என்றார், குதிரையாக இருந்தால் காசாவது வருமாம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தானே. இந்த வீட்டில் நாயா நானா என்று கேட்டது உனக்கு மறந்திருக்காது.

முதலில் ஜாங்கிரி. பத்து வயசாகிவிட்டதால் மூத்த நாய்கள் பிரிவு. தாண்டுகிற பார் முப்பது சென்டிமீட்டர்தான், நீ அவளைத் தாண்ட வைத்த உயரத்தில் பாதி. ஏறி இறங்குகிற ஏ-ஃபிரேம் பலகையையும் தாழ்த்தி வைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் அவளுக்குப் பின்னங்கால் விறைத்துக்கொள்கிறது. பத்து நிமிஷமாவது லீஷில் நடத்தி உடம்பைச் சூடாக்கிய பிறகுதான் ஓடவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எடையையும் குறைத்தாயிற்று, விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. அம்மா மட்டும் இட்லி போடுவதை நிறுத்தவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவளுக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. போன தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் ஓடாமல், ஹால் நடுவில் காலை நீட்டித் தூங்கினாள். பரவாயில்லை, பயம் தெளிந்துவிட்டது என்று நானும் அம்மாவும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் குக்கர் விசிலுக்கும் காது அசையவில்லை.

அதனால் அவளோடு ஓடும்போது என் வாய்க்கு வேலையில்லை. என் தோளும் கால் நுனியும் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போவாள். இதெல்லாம் தெரிந்தும் இன்று மறந்துவிட்டேன். ஏ-ஃபிரேமில் ஏறி, உச்சியில் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, இறங்கி, நீ பழக்கியபடியே முன்னங்கால் இரண்டும் மண்ணில், பின்னங்கால் இரண்டும் பலகை அடியிலுள்ள மஞ்சள் பெயின்ட்டில் வைத்து நின்றாள். "ஓகே" என்றேன். நின்றாள். "ஓகே, ஓகே" என்று கத்தினேன். அப்படியே நிற்கிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஜட்ஜ் அம்மாவுக்குச் சிரிப்பு. அப்புறம்தான் நினைவு வந்து தொடையைத் தட்டினேன், கிளம்பினாள். ஒரு பாரும் விழவில்லை. நேரம் மட்டும் தாண்டிவிட்டது. மூன்று நாய்களில் இரண்டாவது. மூன்றாவதாக வந்த லாப்ரடார் தாத்தா, வளைந்து வளைந்து போக வேண்டிய வீவ் போல் கம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தே விட்டார்.

வந்திருந்த பிள்ளைகளில் இரண்டு பேர், "பவித்ரா அக்காவோட ஜாங்கிரியா?" என்று கேட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆமாம், என் மகள்தான் பழக்கினாள் என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று அம்மாவைக் கேள்.

அடுத்தது மிளகு. ஒரே ஆள் வயசான நாயோடும் இளசோடும் அடுத்தடுத்து ஓடுவது என்ன பாடு என்று நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. உனக்கு ஒன்றுதானே இருந்தது. ஜாங்கிரியோடு நான் முந்திக்கொண்டு ஓடினால் அவள் யோசனையில் இறங்கி, புல்லை மோந்து பார்ப்பாள். பக்கத்திலேயே போக வேண்டும். மிளகுக்கோ, அவன் தாண்ட எழும்புவதற்கு முன்னாலேயே நான் திரும்பியாக வேண்டும். தாண்டிய பிறகு கையைக் காட்டினால் அவன் ரெண்டு தடை தள்ளிப் போயிருப்பான். நாய் இல்லாமல் கோர்ஸை நடந்து பார்க்கக் கொடுப்பது கொஞ்ச நிமிஷம். அதற்குள் ஒரு தடவை ஜாங்கிரிக்காக, ஒரு தடவை மிளகுக்காக நடந்து பார்க்கிறேன். ஹெச்.ஏ.எல். விமான ஃபாக்டரி டூல் ரூமில் ஒரே ஷிஃப்டில் இரண்டு மெஷின் பார்த்தவன் நான். ஆனால் மெஷின் நம் முகத்தைப் பார்ப்பதில்லையே.

அவன் வீவ் போல் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு கம்பு. முதல் கம்பு இடது தோளுக்குப் பக்கம் வரும்படி சரியாக நுழைந்து, ஒன்றுகூட விடாமல், தையல் மெஷின் ஊசி மாதிரி போனான். காலி மனையில் நான் டேப் வைத்து, நூல் கட்டி, அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக பிவிசி பைப் நட்டபோது அம்மா சிரித்தாளே, இன்று அவள்தான் முதலில் கை தட்டினாள். அடுத்து டனல். "டனல்" என்று கத்திய என் தோள் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. தோள் காட்டிய வாய்க்குள்ளேயே நுழைந்தான். எலிமினேட், ஓட்டம் கணக்கில் இல்லை. நாய் தப்பு செய்யாது, கூட ஓடுகிறவர்தான் செய்கிறார் என்று நீ சொல்லும்போதெல்லாம் சாக்கு என்று நினைத்திருக்கிறேன். இன்று கத்தவில்லை. லீஷை மாட்டி, தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

போனில் படத்தைப் பார்த்து, "எடுத்துக்கோங்கப்பா, ஜாங்கிரிக்குத் துணையா இருக்கும்" என்று சொன்னவள் நீ. ஓடுகிறவன் அறுபத்து நாலு வயசுக்காரன், முட்டிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு. ஒரு வீடியோவாவது கேட்கலாம். ஓட்டம் எப்படிப் போனது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். தேதியை மூன்று தடவை அனுப்பினேன்.

சாவி விஷயத்தை மறக்காதே. மழையில் ராத்திரி வெளியே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவாய்?

பவி, போன வருஷம் ஜூனில் மிளகு நொண்டினானே, வாசல் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். பொய். எலும்பு வளர்ந்து முடிகிற வரை பார் தரையை ஒட்டித்தான் இருக்க வேண்டும், சர்வதேச விதியிலேயே பதினெட்டு மாதத்துக்கு முன்னால் போட்டிக்குச் சேர்ப்பதில்லை, சும்மாவா வைத்திருக்கிறார்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் பதினோராவது மாதத்தில் 55 சென்டிமீட்டர் வைத்தேன். பின்தெரு வீட்டு பார்டர் காலி நாய் தாண்டுவதைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம். முதல் தடவை அழகாகத் தாண்டினான். இரண்டாவதும். அம்மா மாடியிலிருந்து "போதும், விடுங்க" என்றாள். இன்னும் ஒண்ணே ஒண்ணு என்றேன். இறங்கியதும் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டான். சத்தமே போடவில்லை. மூன்று காலில் வந்து, என் கையிலிருந்த ட்ரீட்டை மோந்து பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல், திரும்பப் போய் அந்தப் பாருக்கு முன்னால் நின்றான். நான் சொன்னால் தாண்டுவதற்கு.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆறு வாரம் லீஷில்தான் நடந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் ஹாலிலேயே படுத்தேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அவசரம் என் புத்தி. உன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நான் அலைந்த வருஷம், "இன்னும் ரெண்டு வருஷம்ப்பா" என்று நீ இரண்டு முறை சொன்னாய். முதல் முறை நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. யார் யார் வீட்டில் பத்திரிகை அடித்தாயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கோலார் அத்தை அன்றைக்கு மண்டபத்தில் சொன்னதற்காக ஆறு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? இதை இதற்கு மேல் எழுத வரவில்லை.

நாம் பழகிய காலி மனையில் போர்வெல் போட்டுவிட்டார்கள், வீடு கட்டப்போகிறார்களாம். ஏ-ஃபிரேமைக் கழற்றி மாடியில் சாய்த்திருக்கிறேன். நான் செய்த சீ-சா பலகையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது தரையில் இடிக்கும் சத்தத்துக்கு மிளகு இன்னும் பயப்படுகிறான். முனைக்கு அடியில் பழைய மெத்தையைப் போட்டுப் பழக்குகிறேன். சரியா என்று சொல்.

பிரஷர் மாத்திரை இரண்டு பேரும் ஒழுங்காகப் போடுகிறோம். நீ ராத்திரி ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே, பருப்புப்பொடிக்கு ஒரு பிடி சோறு வைத்தால் போதும். சாவியை யாரிடமாவது கொடுத்து வை. யாரும் பழக்கமாகவில்லை என்றால் ஆபீஸ் டிராயரிலாவது போட்டு வை.

இன்னொன்று. மிளகின் கூண்டு உன் அறையில்தான் இருக்கிறது, ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று அம்மா அங்கே வைத்தாள். கட்டிலையும் சுவரோரம் தள்ளியிருக்கிறோம். நீ ஒன்றும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தாலும் போதும், நீ வீடு வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் நகர்த்திவிடுவேன்.

அன்புடன்,
அப்பா